ஏழாவது தண்ணீர்

கரம்பொன்,
09.06.2024

அன்புத் தங்கச்சி வதனிக்கு,

அண்ணன் சுதன் எழுதுவது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ அந்தப் பனிக்குள் சளி பிடிக்காமல் இருக்க வைரவரைக் கும்பிடுகிறேன். தொண்ணூறில் செல் குண்டு விழுந்து என் இரண்டு காதும் போனதில் இருந்து போன் எனக்கு வெறும் வெளிச்சப் பெட்டிதான் என்று உனக்குத் தெரியும். அதனால் வழக்கம்போல் கொப்பித் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீயும் கையாலேயே எழுதி அனுப்பு. தட்டச்சு எழுத்தைப் பார்த்தால் அரசாங்கக் கச்சேரியில் இருந்து கடிதம் வந்த மாதிரி இருக்கிறது.

மே இருபத்தைந்தில் வைரவர் கோவில் திருவிழா குறையில்லாமல் முடிந்தது. நம் வீட்டு உபயமான தண்ணீர்ப்பந்தலில் பத்துக் கிடாரம் பனங்கட்டித் தண்ணீர் வைத்தேன். பின்னேரத்துக்குள் அடி தெரிந்துவிட்டது. புளியங்கூடலில் இருந்து பெரியம்மா வீட்டாரும் வந்து இருந்து சாப்பிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் ஊருக்குச் சனியன் பிடித்தது. இன்றைக்குப் பதினான்கு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். நெருப்புக்காய்ச்சல், அதுதான் தைபோயிட், என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். என் மகள் தர்சனாவுக்கும் இன்றோடு ஐந்து நாள். ஒன்பது வயதுப் பிள்ளை, சுருண்டு கிடக்கிறாள். தாய்க்காரி கம்சிகா அவள் பக்கத்தை விட்டு எழும்புகிறாள் இல்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுத் தண்ணீரைப் போத்தல்களில் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வர மூன்று கிழமைக்கு மேல் செல்லுமாம். மூன்று கிழமை, இருபத்தொரு நாள்! அதற்குள் ஊரில் பாதி பாடையில் போய்விடும்.

நீ கம்பியூட்டருக்குள் கிருமி வளர்த்துச் சண்டைக்கு விடுகிறவள்தானே. உன் தங்கச்சி பதினைந்து வருடமாய் என்னதான் படிக்கிறாள் என்று கேட்கிற ஆட்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு மறுமொழி இல்லை. எந்தக் கிணறு என்று உன் பெட்டியைக் கேட்டுச் சொல், பார்ப்போம். நான் அபிவிருத்திச் சங்கத் தலைவர். ஊருக்குச் சொல்ல எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

மறுமொழி பார்த்திருக்கும்,
அண்ணன் சுதன்


பேர்கன், நோர்வே,
11.06.2024

என் அன்பு அண்ணாவுக்கு,

வதனி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் பித்தப்பைக் கல் எப்படி இருக்கிறது? அதை வெட்டி எடுத்துவிடுங்கோ என்று போன வருடத்தில் இருந்து கேட்கிறேன். மச்சாளுக்கு என் அன்பு. தர்சனாவின் நெற்றியில் இந்த மாமிக்காக ஒரு கொஞ்சல்.

நீங்கள் சிரிப்பது எனக்குப் பழகிவிட்டது, ஆனாலும் ஒருமுறை ஒழுங்காய்ச் சொல்கிறேன். உண்மைக் கிருமி ஒன்றையும் நான் தொடுவதில்லை. ஒரு கிருமி எத்தனை நிமிடத்தில் இரண்டாகும், எதைத் தின்னும், பக்கத்தில் இருப்பதை எப்படிக் கொல்லும் என்பதையெல்லாம் கணக்காய் எழுதி, கோடிக்கணக்கில் கம்பியூட்டருக்குள் விடுகிறேன். அது கொலைக்களம் அண்ணா. ஒன்று மற்றதை ஊசி போன்ற ஒன்றால் குத்தி நஞ்சேற்றும். குத்துப்பட்டது வெடிக்கும். சுற்றி நின்றவை அதைத் தின்னும். கடைசியில் எது மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஊர்க் காய்ச்சலுக்கும் அப்படி ஒரு கணக்கு எழுதலாம். ஒவ்வொரு கிணற்றிலும் கிருமி இருப்பதாக வைத்துக்கொண்டு, யார் யார் எந்த நாளில் விழுவார்கள் என்று பத்தாயிரம் தரம் ஓட்டிப் பார்ப்பேன். எந்தக் கிணற்றின் கணக்கு ஊரில் நடந்ததோடு ஒத்துப்போகிறதோ, அதில்தான் சந்தேகம்.

எனக்கு வேண்டியது: காய்ச்சல்காரரின் பெயர், விழுந்த நாள், குடித்த தண்ணீர். காய்ச்சல் வராதவர்களின் பட்டியலும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கணக்கு ஒற்றைக் கண்ணால் பார்க்கும். ஒரு தண்ணீரையும் விடாமல் எழுதுங்கோ.

உங்கள் தங்கச்சி,
வதனி


யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்து,
16.06.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம் கேட்டாய். கல் இருக்கிற இடத்தில் இருக்கிறது, இறைச்சி சாப்பிட்டால் குத்துகிறது, அவ்வளவுதான். என் கல்லைப் பற்றிக் கதைக்கிற நேரமா இது?

பிள்ளையை இங்கே கொண்டுவந்து மூன்று நாள். வயிறு மேளம்போல் வீங்கிவிட்டது. என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறாள், என்ன சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. முன்பெல்லாம் எனக்கு விளங்கும்படி வாயை அகட்டிச் சொல்லுவாள். இப்போது உதட்டை அசைக்கவே அவளுக்குத் தெம்பில்லை. நேற்று வாசலில் நின்ற காவலாளி என்னை உள்ளே விடவில்லை. அவன் சட்டையைப் பிடித்துச் சுவரோடு அடித்துவிட்டேன். மூக்கால் இரத்தம் வந்தது. கம்சிகா காலில் விழுந்து கும்பிட்டதால் பொலிசுக்குப் போகவில்லை. வெட்கமாய் இருக்கிறது, ஆனால் இன்னொருக்கால் மறித்தால் இன்னொருக்கால் அடிப்பேன்.

பட்டியல் அனுப்புகிறேன். நாற்பத்து மூன்று பேர். அதில் பதினொரு பேர் புளியங்கூடல் பெரியம்மா வீட்டார், அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர். மற்றவர்கள் ஆறு கிணற்றுக்காரர். காய்ச்சல் வராதவனிடம் போய் "நீ என்ன தண்ணி குடிச்சனி?" என்று கேட்க நான் என்ன விசரனா? அதெல்லாம் ஏலாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த வெயிலில் எல்லாக் கிணறும் உவராகி, ஊரில் முக்கால்வாசி கரையில் இருக்கிற பஸ்ரியாம்பிள்ளையின் கிணற்றில்தான் அள்ளுகிறது. அவர் செத்த பிறகு மகன் அமலதாஸ் பொறுப்பு. உன்னோடு படித்த நிரோஜினியின் புருஷன். கரைப்பக்கத்தில் ஒருவனும் காய்ச்சலில் விழவில்லை. வள்ளத்தில் சிரித்துக்கொண்டு போகிறார்கள். பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

கெதியாய்ச் சொல்லு. உன் படிப்பு ஒருநாளாவது இந்த வீட்டுக்கு உதவட்டும்.

சுதன்


பேர்கன்,
19.06.2024

அன்பு அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்து நீட்டவில்லை. தர்சனாவை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல் குத்தினால் கொழுப்பைத் தள்ளுங்கோ.

மூன்று நாள் ஓட்டிப் பார்த்தேன். ஆறு கிணறுகளில் பஸ்ரியாம்பிள்ளையின் கிணறுதான் முன்னுக்கு நிற்கிறது. நூற்றுக்கு எழுபத்தொன்று. மற்றவை ஒன்றும் பக்கத்தில் வரவில்லை.

அதற்குக் குளோரின் போடச் சொல்லுங்கோ. எல்லோரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கோ. கிணற்றுக்காரரோடு ஒருவரும் கோபிக்க வேண்டாம்.

என் படிப்பு வீட்டுக்கு உதவியதா, அண்ணா?

வதனி


கரம்பொன்,
02.07.2024

தங்கச்சிக்கு,

எழுத்து வித்தியாசமாய் இருக்கிறது என்று பார்ப்பாய். நான் சொல்லச் சொல்லக் கம்சிகா எழுதுகிறாள். தேங்காய் உரிக்கும்போது என் விரலில் சின்ன வெட்டு. பெரிதாய் ஒன்றுமில்லை.

பிள்ளை இருபதாம் தேதி காலை போனது உனக்கு அன்றைக்கே தெரியும். குடல் ஓட்டையாகி உள்ளுக்கு எல்லாம் சிந்திவிட்டதாம். வெட்டித் திறந்தார்கள், தைத்தார்கள், திரும்பவும் வெட்டினார்கள். ஒன்பது வயது வயிற்றில் வெட்ட எவ்வளவு இடம் இருக்கும்? இருபத்தோராம் தேதி மண்ணில் வைத்தோம்.

நீ சொன்ன கிணற்றை மூடியாயிற்று. பொடியன்கள் போய்க் கொஞ்சம் கதைத்தார்கள், அவர்களும் விளங்கிக்கொண்டார்கள். ஊரில் புதிதாய் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. உன் பெட்டி சொன்னது சரி. எல்லோரும் உன்னைப் புகழ்கிறார்கள். நான்தான் பதினைந்து வருடமாய் உன்னைப் பகிடி பண்ணினேன், மன்னித்துக்கொள்.

உடம்பைப் பார்.

சுதன்


கரம்பொன், கரைப்பக்கம்,
14.07.2024

வதனிக்கு,

நிரோஜினி. உம்முடைய நம்பர் நம் பள்ளிக்கூட வட்ஸ்அப் குழுவில் இருந்தது. சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கவில்லை. ஒரே வாங்கில் இருந்து படித்த உம்மை நீ என்று கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை.

உம்முடைய கடிதத்தை உம்முடைய அண்ணன் படம் எடுத்து ஊர்க் குழுவில் போட்டார். "நோர்வேயில் பெரிய ஆராய்ச்சி செய்கிற எங்கட தங்கச்சி கண்டுபிடிச்சது" என்று. நூற்றுக்கு எழுபத்தொன்று என்ற இடத்தைச் சிவப்பால் வட்டம் போட்டிருந்தது. குளோரின் போடச் சொன்ன வரி மடித்த தாளுக்குள் பாதி மறைந்திருந்தது. நான் அதை எத்தனை தரம் பெரிதாக்கிப் பார்த்தேன் என்று உமக்குத் தெரியாது.

இருபத்தோராம் தேதி பின்னேரம் ஐந்து மணி. இவர் கிணற்றடியில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். கையில் பொல்லு, கோடாலி, மண்ணெண்ணெய்க் கான். முன்னுக்கு உம்முடைய அண்ணன். பிள்ளையை வைத்துவிட்டு வந்த வேட்டி இன்னும் ஈரம். கையில் காட்டுக்கத்தி. முதலில் வள்ளத்துக்கு நெருப்பு வைத்தார்கள். வலை, இயந்திரம், எல்லாம் எரிந்தது. என் மாமி சூசையம்மா குறுக்கே விழுந்தார். ஒருவன் காலால் அடித்தான், இரண்டு விலா எலும்பு முறிந்தது.

இவர் ஓடவில்லை. ஓடியிருக்கலாம். "சுதன் அண்ணை, நில்லுங்கோ! நாங்களும் இதைத்தானே குடிக்கிறம், இஞ்ச பாருங்கோ!" என்று கத்திக்கொண்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். அள்ளிக் குடித்துக் காட்டப் போனார். உம்முடைய அண்ணனுக்கு அது கேட்காதே. கிணற்றுக்குள் ஏதோ போடப் போகிறார் என்று நினைத்தாரோ, என்னவோ. கயிற்றை இழுத்த கையில் வெட்டினார். முதல் வெட்டில் அறவில்லை. இரண்டாவது வெட்டில் கத்தி வழுக்கி உம்முடைய அண்ணனின் விரலிலும் பட்டது. மூன்றாவதில் கை கயிற்றோடு கிணற்றுக்குள் போனது.

நான் இறங்கி எடுக்கப் போனேன். என்னை மயிரில் பிடித்து இழுத்தெறிந்துவிட்டுக் கல்லைக் கொட்டினார்கள். கையைக் கொண்டுவந்திருந்தால் பொருத்திப் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அது இன்னும் அந்தக் கல்லுக்குக் கீழேதான் கிடக்கிறது.

பொலிசில் நாங்கள் ஒருவர் பெயரும் சொல்லவில்லை. சொன்னால் மற்றக் கையும் போகும் என்று ஆள்விட்டுச் சொன்னார்கள்.

போன கிழமை தண்ணீர்ச் சோதனை முடிவு வந்தது. எங்கள் கிணற்றில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை, வதனி. எங்கள் வீட்டில் எட்டுப் பேர். பிறந்த நாளில் இருந்து அந்தத் தண்ணீர். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. அதையே எங்களுக்கு எதிரான சாட்சியாக்கினார்கள். உம்முடைய கணக்கில் எங்கள் எட்டுப் பேரையும் சேர்த்தீரா? எங்களை ஒருவராவது கேட்டீரா? சோதனைக் கடதாசியைக் குழுவில் போட்டேன். என்னைக் குழுவில் இருந்து எடுத்துவிட்டார்கள். சனத்துக்கு உம்முடைய எழுத்துத்தான் வேதவாக்கு.

ஒரு கையால் மனுசன் வலை பொத்துவது எப்படி என்று உம்முடைய பெட்டியைக் கேட்டுச் சொல்லும்.

நிரோஜினி


பேர்கன்,
16.07.2024

அண்ணா,

நிரோஜினி எழுதியிருக்கிறாள். தேங்காயா உரித்தீர்கள்? மச்சாளின் கையால் அந்தப் பொய்யை எழுத வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கத்தி பிடித்தது நீங்கள். ஆனால் அதைத் தீட்டிக் கொடுத்தது நான். அதனால் நான் மறைத்ததை இப்போது சொல்கிறேன். பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தை இரண்டு தரம் எழுதினேன். முதல் எழுதியதில் ஒரு வரி இருந்தது. "புளியங்கூடல் பதினொரு பேரும் இந்த ஆறு கிணற்றிலும் அள்ளாதவர்கள், ஆகவே நீங்கள் எழுதாத ஏழாவது தண்ணீர் ஒன்று இருக்கிறது, அது தெரியாமல் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்." இதுதான் அந்த வரி. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். ஏன் தெரியுமா? "உன் படிப்பு ஒருநாளாவது உதவட்டும்" என்றீர்களே, அதற்காக. "எனக்குத் தெரியாது" என்று எழுத வெட்கப்பட்டேன். உங்கள் வாயால் ஒருமுறை கெட்டிக்காரி என்று கேட்க ஆசைப்பட்டேன்.

ஆறு கிணற்றைக் கொடுத்தால் கணக்கு ஆறில் ஒன்றைத்தான் சொல்லும். எதிலும் இல்லை என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. அந்த வாய் என்னிடம்தான் இருந்தது. அதிகம் பேர் அள்ளிய கிணறு என்பதால் அது மேலே வந்தது. காய்ச்சல் வராதவர்களைச் சேர்த்திருந்தால் அன்றைக்கே அடியில் போயிருக்கும்.

புதிதாய் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்றீர்கள். கிணற்றை மூடியதால் இல்லை. விழுந்த நாட்களை இப்போது ஒழுங்காய்ப் பார்த்தேன். எல்லோரும் ஒரே நாளில் எதையோ குடித்திருக்கிறார்கள். அது என்ன தண்ணீர், அண்ணா?

வதனி


கரம்பொன்,
20.07.2024

வதனிக்கு,

கணக்காம் கணக்கு! உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் போனேன். இப்போது அந்தப் பக்கம் நின்று எனக்குப் புத்தி சொல்கிறாயா? உன் பிள்ளையா வயிறு வெடித்துச் செத்தது? ஒரு பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து குத்து, கொல்லு என்று விளையாடுகிறவளுக்கு இரத்தம் என்றால் என்ன தெரியும்? ஓம், வெட்டினேன். மூன்று தரம் வெட்டினேன். கழுத்தில் போடாமல் கையில் போட்டேனே என்று சந்தோசப்படு.

பதினொரு பேர், பதினொரு பேர் என்று நிற்கிறாய். அந்தப் பாவப்பட்ட சனம் ஒருநாள் திருவிழாவுக்கு வந்து, பந்தலில் என் கையால் பனங்கட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போன சனம். நம் வீட்டுக் கிணறு, நம் உபயம். அப்பா காலத்தில் இருந்து வைரவருக்கு வைக்கிற தண்ணீர். அதையும் கிணற்றுக் கணக்கில் எழுதச் சொல்கிறாயா? சாமி தண்ணீரைப் பட்டியலில் எழுத எனக்கு விசரா? கரைப்பக்கத்து ஆட்கள் அன்று அனலைதீவில் செத்தவீடு என்று போய்விட்டார்கள். நம் தண்ணீர் குடிக்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே.


பேர்கன்,
21.07.2024

என் அண்ணாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் வாசியுங்கோ. மச்சாள் இல்லாத இடத்தில் இருந்து வாசியுங்கோ.

உங்கள் பித்தப்பைக் கல் எப்படி இருக்கிறது?

இதை இதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். முறைக்குக் கேட்டேன், மறுமொழியைத் தாண்டிப் போய்விட்டேன். போன வருடம் ஐப்பசியில் மூன்று கிழமை காய்ச்சலில் கிடந்தீர்கள். பனடோல் குடித்து மாறிவிட்டது என்று எழுதினீர்கள். நெருப்புக்காய்ச்சல் கிருமி சிலரை விட்டுப் போவதில்லை. பித்தப்பைக் கல்லில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்காய்க் குடியிருக்கும். அந்த ஆளுக்கு ஒரு தலையிடியும் வராது. கக்கூசுக்குப் போய்வந்து சவர்க்காரம் போடாமல் கையைக் கழுவினால், அந்தக் கை தொடுகிற தண்ணீருக்குள் இறங்கும். சூட்டுக் காலத்தில் ஒரு கிடாரம் இனிப்புத் தண்ணீரில் காலையில் விழுந்தது பின்னேரத்துக்குள் எத்தனை மடங்காகும் என்று நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வருடப் பாடம், அண்ணா. பந்தலைப் பற்றி முதல் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் பிறந்த வீட்டுத் தண்ணீர் என்றபடியால் என் கண்ணுக்கே தெரியவில்லை.

இனி நூற்றுக்கு இத்தனை என்று எழுத மாட்டேன். நான் சொல்வது பிழையாய் இருக்கவேண்டும் என்றுதான் கும்பிடுகிறேன். ஆனால் போய்ச் சோதித்துப் பாருங்கோ. அதுவரைக்கும் ஒருவருக்கும் சோறு குழைத்துக் கொடுக்காதேங்கோ. மச்சாளுக்குத் தேத்தண்ணீர்கூடப் போட்டுக் கொடுக்காதேங்கோ.

உங்களைக் கைவிடாத,
வதனி


கரம்பொன்,
19.08.2024

அன்புத் தங்கச்சி வதனிக்கு,

நீ சுகமாய் இருக்கவேண்டும். நான் சுகமாய்த்தான் இருக்கிறேன். உடம்பில் ஒரு வருத்தமும் இல்லை, அதுதான் என் வருத்தம்.

மூன்று தரம் சோதித்தார்கள். மூன்று தரமும் கிருமி இருக்கிறது. கல்லோடு பித்தப்பையையும் வெட்டி எடுக்க வேண்டுமாம். சுகாதாரப் பரிசோதகர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம்.

இன்று பத்து மணிக்குப் பொலிசுக்குப் போகிறேன். காட்டுக்கத்தியைப் பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். நேற்று அமலதாஸ் வீட்டுக்குப் போனேன். வாசல் படலைக்கு உள்ளே விடவில்லை. நிரோஜினி வாயைத் திறந்து ஏதோ கத்தினாள். அவன் பின்னால் நின்று, மொட்டைக் கையைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் மண்ணில் குந்தி இருந்துவிட்டு வந்தேன்.

கம்சிகாவுக்கும் சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்தது. எழுதித் தரச் சொல்லிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. குசினிக்குள் போய்த் தர்சனா தண்ணீர் குடிக்கிற பேணியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். நான் இதை எழுதத் தொடங்கும்போதும் கழுவிக்கொண்டு இருந்தாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை ஊர்க் குழுவில் போடு. ஒரு வரியும் மடிக்காமல் போடு. உன் கடிதம் போன இடத்துக்கெல்லாம் இதுவும் போகவேண்டும். அமலதாசின் கிணறு சுத்தம். கிருமி இருந்தது என் கையில். சுதன் தன் கையால் எழுதியது என்று சனம் பார்க்கட்டும்.

அகப்பை போட்டுக் கலக்கினால் உபயம் சரிவராது என்று அப்பா சொல்லித் தந்த முறை. அன்று காலை பத்துக் கிடாரத்திலும் பனங்கட்டியை கையை முழங்கை வரைக்கும் விட்டுப் பிசைந்து கரைத்தேன். முதல் பேணி வீட்டுப் பெண்பிள்ளைக்கு. தர்சனா புதுச் சட்டையோடு வந்து முன்னுக்கு நின்றாள். ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு, எனக்கு விளங்கும்படி வாயை நன்றாய் அகட்டி, "அப்பா, இன்னும்" என்றாள்.

நான் இன்னொரு பேணி வார்த்துக் கொடுத்தேன்.

அண்ணன்,
சுதன்